திராட்சை நாற்றங்காலுக்கு வெந்நீர்த் தொட்டி: பல பருவம் ஓட்டிய பிறகு

நாற்றங்காலில் நோய்க்காக நான் செய்த செலவுகளில், மறுயோசனை இல்லாமல் திரும்பவும் செய்வேன் என்று சொல்லக்கூடியது குச்சிகளை முக்கி எடுக்கும் வெந்நீர்த் தொட்டிதான். தெளிப்பான், மருந்து, டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். தொட்டியைப் பற்றியும், தொட்டியால் ஆகாத வேலைகளை எப்படிச் சமாளிக்கிறேன் என்பதையும் எழுதுகிறேன். ஒட்டு நாற்று தயார் செய்கிறவர்களுக்குக் கூடுதலாகப் பயன்படும்.

தோட்டத்தில் நோய் பெரும்பாலும் வெளியிலிருந்து இலைமேல் வந்து விழும், நாற்றங்காலுக்கு வரும் நோயில் பெரும்பங்கு குச்சிக்குள் உட்கார்ந்தபடியே வந்துவிடுகிறது. பெட்ரி நோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபியோமோனியெல்லா என்ற பூஞ்சாணம் தாய்க்கொடியின் கட்டைக்குள் இருக்கும், வெளியே அடையாளமே தெரியாது, குச்சியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் கட்டையில் கருப்பாகப் பொட்டுப் பொட்டாகத் தெரியலாம், சில சமயம் அதுவும் தெரியாது. அதில் ஒட்டுக்கட்டினால் நாற்று அழகாகத்தான் வளரும், விற்றும்விடும், வாங்கினவர் தோட்டத்தில் சில வருடத்தில் கொடி தளர ஆரம்பிக்கும். இலைமேல் அடிக்கிற மருந்து அந்தக் கட்டைக்குள் போய்ச் சேராது. சூடு போய்ச் சேரும். உறக்கத்தில் இருக்கிற குச்சியை 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 30 நிமிடம் வைத்தால் இந்தப் பூஞ்சாணம் பெருமளவு அடங்கிவிடுகிறது, கூடவே வேரை உறிஞ்சும் ஃபில்லாக்சரா பூச்சி, மாவுப்பூச்சி, வேர்விட்ட நாற்றாக இருந்தால் வேருக்குள் இருக்கும் நூற்புழு ஆகியவையும் போகும். ஃபிளாவெசான்ஸ் டோரே என்ற பைட்டோபிளாஸ்மா (பாக்டீரியா போன்ற நுண்ணுயிரி) நோய்க்கு ஐரோப்பாவில் அதே 50 டிகிரியில் 45 நிமிடம் வைக்கிறார்கள்.

ஆனால் தொட்டி சும்மா வேலை செய்யாது. 50 என்றால் 50 தான். இரண்டு டிகிரி குறைந்தால் பூஞ்சாணம் தப்பிக்கும், இரண்டு டிகிரி கூடினால் மொட்டு வெந்துபோகும், அதனால் தொட்டியிலேயே பொருத்தி வருகிற அளவியை மட்டும் நம்பாமல் சரிபார்த்த தனி வெப்பமானி ஒன்றைக் கட்டுக்கு நடுவில் செருகிவைப்பது நல்லது. நீர் ஓடிக்கொண்டே இருக்க பம்ப் வேண்டும், இல்லையென்றால் மேலே ஒரு சூடு, அடியில் ஒரு சூடு. குளிர்ந்த குச்சியை ஒரேயடியாக நிறைய இறக்கினால் நீரின் சூடு சட்டென்று இறங்கும், அது திரும்ப 50க்கு ஏறிய பிறகுதான் நேரம் எண்ணத் தொடங்க வேண்டும். குச்சிக் கட்டுகளை இறுக்கிக் கட்டாதீர்கள், ஓட்டை உள்ள கூடையில் தளர்வாக வைத்தால் நடுக்குச்சிக்கும் சூடு சமமாகப் போகும்.

எடுத்ததும் நேராகச் சுத்தமான குளிர்ந்த நீரில் போட்டு ஆறவிட வேண்டும். அப்புறம் மேல்ஈரம் வடிந்த பிறகு குளிரறை. இங்கேதான் பல பேருக்குக் குச்சி சாகிறது, பழி தொட்டிமேல் விழுகிறது. சூடு பட்ட குச்சி கொஞ்ச காலம் தடுமாற்றத்தில் இருக்கும், அந்த நேரத்தில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் மூச்சு முட்டி உள்ளே புளித்துப்போகும், பையைத் திறந்ததும் வாடையிலேயே தெரிந்துவிடும். பையில் காற்றோட்டம் இருக்கட்டும். நட்ட பிறகு மொட்டு வெடிக்கத் தாமதமாகும், அது இயல்பு, பயந்து பிடுங்கிப் போட வேண்டாம். ரகத்துக்கு ரகம் தாங்கும் சக்தியும் மாறும்: கேபர்னே சாவிஞ்ஞோன் நன்றாகத் தாங்கும், பினோ நுவார் மென்மையானது. புது ரகம் என்றால் சில குச்சிகளில் பார்த்துவிட்டு மற்றதைப் போடுங்கள்.

தொட்டிக்கு முன்னால் குச்சியை நீரில் ஊறப்போடுகிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. நோயுள்ள ஒரு கட்டு போதும், அதே நீரில் ஊறுகிற மற்ற எல்லாக் கட்டுக்கும் பூஞ்சாண வித்து பரவிவிடும்.

சரி, தொட்டியால் ஆகாதவை. முதலில் வைரஸ். இலைச்சுருள் வைரஸ் இந்த 50 டிகிரிக்கெல்லாம் அசையாது. சிவப்பு ரகங்களில் இலை சிவந்து ஓரம் கீழ்நோக்கிச் சுருளும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், அதனால் கண்ணுக்குப் பிடிபடும். ஒட்டுக்கு அடியில் வேர் தரும் வேர்ச்செடி ரகங்களில் பெரும்பாலும் ஒன்றுமே காட்டாது, ஒட்டுக்கட்டியதும் மேலே ஏறிவிடும். தாய்க்கொடிகளை ஆய்வகத்தில் எலைசா அல்லது பிசிஆர் சோதனைக்குக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. சுத்தமான தாய்க்கொடியாக இருந்தாலும் மாவுப்பூச்சி ஏறினால் வைரஸ் திரும்ப வரும், ஆகவே எறும்பு நடமாட்டத்தைக் கண்டாலே பட்டையை உரித்துப் பார்த்துவிடுகிறேன்.

அடுத்தது கழலை நோய். இதை உண்டாக்கும் பாக்டீரியா கொடியின் சாற்றுக் குழாயிலேயே குடியிருக்கும், வெந்நீர் அதைக் குறைக்கும், ஒழிக்காது. ஒட்டு ஒன்றுசேர வைக்கும் பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஒட்டிடத்தில் வழக்கமான திசு வளர்ச்சியைத் தாண்டிக் கட்டி தெரிந்தால் அந்த நாற்றை எரித்துவிடுவேன். கட்டியைச் சீவிவிட்டு விற்பது அடுத்தவர் நிலத்துக்கு நோயை அனுப்பிவைப்பதுதான், அதை யார் செய்தாலும் எனக்குக் கோபம் வரும்.

இது வெறும் மனவருத்தத்தில் சொல்வதல்ல. திராட்சையின் பெரிய நோய்களெல்லாம் நாற்று வழியாகத்தான் உலகம் சுற்றின. சாம்பல் நோய் 1845இல் இங்கிலாந்தில் தென்பட்டது. அப்புறம் அமெரிக்கக் கொடிகளைக் கொண்டுவந்தார்கள், அதோடு ஃபில்லாக்சரா பிரான்ஸுக்கு வந்தது. அதைத் தாங்கும் வேர்ச்செடி வேண்டும் என்று மேலும் அமெரிக்கக் கொடி வாங்கினார்கள், 1878இல் அடிச்சாம்பல் நோய் வந்து சேர்ந்தது. அதற்கு மருந்தாக போர்தோ பேராசிரியர் மில்லார்தே 1885இல் வெளியிட்டதுதான் போர்டோ கலவை.

அந்தக் கலவையைத்தான் நாற்றுப் பாத்தியில் அடிச்சாம்பலுக்கு இன்றைக்கும் முதலில் எடுக்கிறேன். 1 சதவீதத்துக்கு 1 கிலோ மயில்துத்தம் (செம்பு சல்பேட்), 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர், கலக்குவது பிளாஸ்டிக் பாத்திரத்தில், துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்ற வேண்டும். பளபளப்பான இரும்பு ஆணியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தால் செம்பு படியக் கூடாது, படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இளந்தளிருக்கு அரை சதவீதமே போதும், அன்றன்றைக்குக் கலந்து அன்றைக்கே அடித்து முடித்துவிட வேண்டும். ஆனால் கலவையை விட நீர் பாய்ச்சும் நேரம் முக்கியம் என்பது என் முடிவு. இந்தக் கிருமி இலைக்குள் நுழைய ஈரம் தேவை, இலையின் அடியில் வெள்ளைப் பூப்பதும் ஈரமான இருட்டு இரவில்தான். மாலையில் தெளிப்பு நீர் விட்டால் அதற்கு வேண்டியதை நாமே செய்து கொடுத்த மாதிரி. காலையில் விடுங்கள், முடிந்தால் சொட்டுநீருக்கு மாறுங்கள். ஊடுருவும் மருந்துகளை மழை நெருக்கத்தில் மட்டும் எடுக்கிறேன், ஒரே வகையைத் தொடர்ந்து அடித்தால் கிருமி பழகிவிடும்.

சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் போதும், இதற்கு இலை ஈரம்கூடத் தேவையில்லை என்பதால் நிழலான பசுமைக் குடிலில்தான் அதிகம் வரும். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் அடித்தால் தளிர் கருகும்.

டிரைக்கோடெர்மா பற்றி நிறையக் கேட்கிறார்கள். வேர்விடும் கலவையில் சேர்த்தால் வேர் நன்றாக இறங்குகிறது என்று எனக்குப் படுகிறது, சில தொகுதிகளில் வித்தியாசமே தெரியவில்லை. செம்பு மருந்து ஊற்றிய பாத்தியில் போடுவது வீண். மண்ணிலிருந்து அடிவெட்டு வழியாக ஏறும் கருங்கால் நோய்க்கு இதை மட்டும் நம்ப முடியாது. அதற்குப் பாத்தியை மாற்றி, திராட்சை இல்லாத பயிர் வைத்து இடைவெளி விடுவதும், பிடுங்கிய நாற்றை விற்கும் முன் இன்னொரு முறை வெந்நீரில் போடுவதும்தான் என்னிடம் பலன் தந்தன.

தொட்டி வாங்கப் போகிறவர்கள் கொள்ளளவைவிட ஹீட்டரின் திறனையும் பம்பையும் பாருங்கள். தொட்டியில் ஏறும் ஒவ்வொரு கட்டுக்கும் தாய்க்கொடி வரிசை எண்ணோடு சீட்டு கட்டுங்கள். நாற்று பிடுங்கும்போது தொகுதிக்குச் சில நாற்றை அடியில் குறுக்கே வெட்டிப் பார்த்து, கருப்புத் தெரிந்தால் அந்தச் சீட்டைப் பிடித்துத் தாய்க்கொடிவரை போய்விடலாம், அடுத்த பருவம் அந்த வரிசையில் குச்சி எடுக்காமல் விட்டுவிடலாம்.