டிரஸ்டா, சங்கமா, கம்பெனியா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டாரத்தில் மலையாளப் பள்ளிக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்திவரும் மாலை வகுப்பை முறைப்படி பதிவு செய்துவிடலாம் என்று பேச்சு எழுந்த அன்று, கணக்கு நோட்டில் 12,000 ரூபாய் மிச்சம் இருந்தது. ‘இலாப நோக்கமில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு மிச்சம் வைக்கலாமா?’ என்று பெரியவர் ஒருவர் கேட்டார். தாராளமாக வைக்கலாம், அதை நடத்துபவர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது என்பதுதான் தடை. ஆசிரியருக்கு நியாயமான சம்பளம் கொடுப்பது பங்கு போடுவதாகாது. (வரிவிலக்குப் பெற்றால் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது தனி விதி.) ஆகவே, அந்த மிச்சத்துக்குக் காவல் யார் என்று கேட்டே டிரஸ்ட், சங்கம், கம்பெனி என்ற மூன்று வடிவங்களையும் எடைபோட்டோம்.

டிரஸ்ட் அமைப்பது எளிது. பத்திரம் எழுதிப் பதிந்தால் போதும். 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்கே உரியது என்பதால், ஊர்ப் பொதுநலனுக்கான டிரஸ்டுக்குப் பெரும்பாலும் அந்தப் பத்திரமே சட்டம். அதை நடத்தும் டிரஸ்டிகளின் பதவி ஆயுள் முழுவதும் என்று அதில் எழுதிவிட்டால் ஊரார் அவர்களை எளிதில் அசைக்க முடியாது. தவறு நடந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி, அக்கறையுள்ள இருவராவது நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குத் தொடுக்க வேண்டியிருக்கும். தன் தென்னந்தோப்பை எழுதிவைக்கும் குடும்பத்துக்கு இது பொருந்தும். வீட்டுக்கு நூறு ரூபாய் வசூலித்து நடக்கும் வகுப்புக்குப் பொருந்தாது.

சங்கத்துக்கு ஏழு பேர் வேண்டும். பொதுக்குழு கணக்குக் கேட்கலாம், நிர்வாகிகளை மாற்றலாம். கோஷ்டிச் சண்டை வந்தால் வங்கிக் கணக்கே முடங்கிப்போகும் என்பது இதன் கேடு. எல்லைப்புறத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு, ஊருக்கு ஊர் சங்கச் சட்டம் வேறு: சித்தூர் பழைய கொச்சி சமஸ்தானம் என்பதால் 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம், பாலக்காடு நகரம் பழைய மலபார் என்பதால் 1860ஆம் ஆண்டுச் சட்டம், கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போனால் தமிழ்நாட்டின் 1975ஆம் ஆண்டுச் சட்டம். இது தெரியாமல் பொள்ளாச்சியில் வாங்கிய சங்க விதிகளின் மாதிரியை அப்படியே சித்தூரில் கொடுத்து, திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் வரும் இலாப நோக்கமில்லாத கம்பெனிக்கு இருவர் போதும். டிவிடெண்ட், அதாவது இலாபத்தில் பங்கு, கொடுப்பதைச் சட்டமே தடுக்கிறது. காவலில் இதுவே கெட்டி. ஆனால் வரவே இல்லாத ஆண்டிலும் ஆடிட்டர் வேண்டும். எங்கள் மிச்சம் அதற்கே சரியாகிவிடும்.

சங்கம் என்றே முடிவு செய்தோம். கலைந்தால் மிஞ்சும் சொத்து உறுப்பினர்களுக்குப் போகாது, இதே பணி செய்யும் வேறொரு சங்கத்துக்கே போகும் என்ற விதியையும் சேர்த்து, இம்முறை சித்தூரிலேயே விதிகளை எழுதிக்கொண்டிருக்கிறோம்.