சாக்குலிஃபர் கூட்டம்: நாலு பெயரா, ஒரே பெயரா?

வெப்பமண்டலக் கடலின் அடிமண்ணைக் கழுவிச் சலித்து, 150 மைக்ரான் சல்லடையில் நின்றதைத் தட்டில் கொட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், முதலில் கண்ணில் படும் ஓடுகளில் டிரைலோபேட்டஸ் சாக்குலிஃபர் கட்டாயம் இருக்கும். மிதவை ஃபொராமினிஃபெராவில், அதாவது கடலில் மிதந்து வாழும் ஓடுள்ள ஒற்றைச்செல் உயிர்களில், மிகச் சாதாரணமான ஆசாமி. ஆனால் அதற்கு என்ன பெயர் எழுதுவது என்பதில் இன்னும் இரண்டு கட்சி. ஓட்டின் வடிவத்தைப் பார்த்து நாலு சிற்றினமாகப் பிரிக்கச் சொல்கிறது ஒரு கட்சி. மரபணு ஒன்றுதான், ஆகவே சிற்றினமும் ஒன்றுதான் என்கிறது மற்றது. புதைபடிவத்தில் வேலை செய்கிறவன் என்பதால் நான் முதல் கட்சிப் பக்கம் சாய்கிறேன். ஆனால் மற்ற கட்சியிடம் இருக்கும் ஆதாரம் லேசானதல்ல.

முதலில் அந்த நாலு பேரைப் பார்ப்போம்: டிரைலோபஸ், இம்மாட்டுரஸ், குவாட்ரிலோபேட்டஸ், சாக்குலிஃபர். நாலுக்கும் சுவர் ஒரே மாதிரி, தேன்கூடு போலக் குழிகுழியாக. தொப்புள் பக்கத்தில் (சுருளின் நடுக்குழி உள்ள பக்கம்) முதன்மை வாய்; சுருள் பக்கத்தில் (சுற்றுகள் தெரியும் எதிர்ப்பக்கம்), அறைகள் சேரும் கோடுகளை ஒட்டித் துணை வாய்கள். வேறுபாடு அறைகளில்தான். டிரைலோபஸின் கடைசிச் சுற்றில் மூன்று அறைகள். கடைசி அறை மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைவிடப் பெரிது, வாய் ஒரு கீறல் போல ஒடுங்கியிருக்கும். இம்மாட்டுரஸில் மூன்று, மூன்றரை அறை. கடைசி அறை அவ்வளவு ஓங்கி நிற்காது. குவாட்ரிலோபேட்டஸில் ஏறக்குறைய நாலு அறை, வாய் கொஞ்சம் அகலம். சாக்குலிஃபரில் கடைசி அறை நீண்டு, தட்டையாகி, பை போலத் தொங்கும்.

புத்தகத்தில் படிக்கும்போது சிக்கலே இல்லை. கறுப்புத் தட்டில், நனைத்த மெல்லிய தூரிகையின் நுனியில் ஓட்டைப் புரட்டும்போதுதான் சிக்கல் ஆரம்பம். ஓடு சற்றுச் சாய்ந்து கிடந்தாலே கடைசி அறை பெரிதாகத் தெரிகிறது. நேராக நிமிர்த்தினால் சுருங்கிவிடுகிறது. கோடுகள் மங்கலாக இருந்தால் ஒரு சொட்டு உணவுச் சாயம் விட வேண்டும். சாயம் கோட்டுக்குள் இறங்கியபின்தான் மூன்று அறையா மூன்றரையா என்று எண்ண முடியும். டிரைலோபஸுக்கும் இம்மாட்டுரஸுக்கும் நடுவில் எல்லைக்கோடு என்று ஒன்று கிடையாது, படிப்படியான மாற்றம்தான். ஒரே தட்டை இரண்டு பேர் எண்ணினால் இரண்டின் கூட்டுத்தொகை ஏறக்குறைய ஒத்துப்போகும். எதில் எத்தனை என்பதில்தான் தகராறு.

சாக்குலிஃபரில் வேறு வம்பு. அடையாளமே அந்தப் பைதான், அந்தப் பையோ கடைசி அறை. மண்ணில் புதையும்போதோ சலிக்கும்போதோ அது உடைந்து போனால் மிச்சம் இருப்பது நல்ல இம்மாட்டுரஸ் அல்லது குவாட்ரிலோபேட்டஸ். உடைந்த விளிம்பு தெரிகிறதா என்று பார்க்காமல் எண்ணினால் பெயரே மாறிவிடும்.

இங்கேதான் மரபணுக் கட்சி எழுந்து நிற்கிறது. 2013இல் ஆந்த்ரேயும் கூட்டாளிகளும் உயிருள்ள ஃபொராமினிஃபெராக்களைப் பல கடல்களில் பிடித்து, ரைபோசோம் மரபணுவைப் படித்து, ஓட்டின் வடிவத்தோடு ஒப்பிட்டார்கள். இந்தக் கூட்டம் முழுவதும் ஒரே மரபணு வகை. பை உள்ளதற்கும் இல்லாததற்கும் வேறுபாடே இல்லை. ஆய்வகத்தில் வளர்த்தவர்கள் முன்பே சொன்னதும் இதனோடு பொருந்துகிறது: பை என்பது முதிர்ந்த ஓட்டில் கடைசியாக வருவது, சிலவற்றில் வரும், சிலவற்றில் வராது. அப்படியானால் நாம் நாலு சிற்றினம் என்று பிரித்தது ஒரே சிற்றினத்தின் வளர்ச்சிப் படிகளையும் ஆளுக்கு ஆள் மாறும் வடிவத்தையும்தான்.

இது பெரிய அடி. வழக்கமாக மரபணு ஆய்வு வந்தால் எண்ணிக்கை கூடும். ஆர்புலினா யுனிவெர்சா வெறும் உருண்டை. வடிவத்தை வைத்து எதையும் பிரிக்க வழியில்லாத ஓடு. அதிலேயே 1999இல் மூன்று மரபணு வகைகள் இருப்பது தெரிந்தது. சாக்குலிஃபரில் மட்டும் தலைகீழ். ஆக, ஓட்டின் வடிவம் இரண்டு பக்கமும் ஏமாற்றும்: வேறானதை ஒன்றாகவும் காட்டும், ஒன்றை வேறாகவும் காட்டும்.

சரி, ஒன்றாகவே சேர்த்துவிடலாம் என்றால் எந்தப் பெயரில்? விலங்குப் பெயரிடல் விதிப்படி மூத்த பெயருக்கே முன்னுரிமை. டோர்பின்யி குவாட்ரிலோபேட்டா என்று பெயர் வைத்தது 1846இல், வியன்னா படுகையின் மயோசீன் மண்ணில் (சுமார் 2.3 கோடி முதல் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய காலம்). ராய்ஸின் டிரைலோபா 1850, போலந்தின் வியலிச்கா. பிரேடியின் சாக்குலிஃபெரா 1877. லெராயின் இம்மாட்டுரா 1939, சுமத்ரா. விதியை அப்படியே பிடித்தால் சாக்குலிஃபர் என்ற பெயர் போய் குவாட்ரிலோபேட்டஸ் நிற்க வேண்டும். இன்றைய கடலில் வேலை செய்கிறவர்கள் யாரும் அதற்குத் தயாராக இல்லை. அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது: வியன்னாவில் கிடைத்த மயோசீன் ஓடும் இன்று மிதக்கும் உயிரும் ஒரே சிற்றினம் என்பதை எந்த மரபணுவும் உறுதிசெய்யப் போவதில்லை. அவ்வளவு பழைய ஓட்டில் மரபணு மிஞ்சுவதில்லை.

பானரும் புளோவும் 1960களில் ஒரு நடுவழி கண்டார்கள்: ஒரே சிற்றினம், உள்ளே துணைச்சிற்றினங்கள். பழைய அறிக்கைகளில் ‘குளோபிஜெரினாய்டிஸ் குவாட்ரிலோபேட்டஸ் சாக்குலிஃபர்’ என்று மூன்று சொல்லில் வருவது அதனால்தான். எனக்கு இது ஒப்பவில்லை. துணைச்சிற்றினம் என்றால் இடத்தாலோ காலத்தாலோ பிரிந்து நிற்க வேண்டும். இவை நாலும் ஒரே நீரில், ஒரே வலையில் சிக்குகின்றன.

இனி பாறைக்கு வருவோம். மரபணு சொன்னது இன்றைய கடலைப் பற்றி மட்டும். இந்தக் கூட்டத்தின் வரலாறோ 2 கோடி ஆண்டுகளைத் தாண்டுகிறது. மயோசீனுக்கு முந்தைய காலமான ஒலிகோசீனின் கடைசியில் வரும் பிரைமோர்டியஸ் என்ற வடிவத்துக்குத் துணை வாய் ஒன்றே ஒன்று. அப்புறம் மூன்று அறை வடிவங்கள். பை அதற்கும் பிந்தி. எல்லாவற்றையும் எண்ணிக்கை அட்டவணையில் ‘சாக்குலிஃபர்’ என்ற ஒரே பத்தியில் போட்டு எண்ணினால் இந்த வரிசையே பதிவில் இருக்காது.

இன்னும் கூர்மையான உதாரணம் ஃபிஸ்டுலோசா. மயோசீனை அடுத்து வரும் பிளையோசீனில், சுமார் 33 லட்சம் ஆண்டுகளுக்கு முன், சாக்குலிஃபரின் பை விரல் விரலாக நீள ஆரம்பிக்கிறது. அதுதான் குளோபிஜெரினாய்டெசெல்லா ஃபிஸ்டுலோசா. சுமார் 18.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது மறைந்துபோனதை வைத்து வெப்பமண்டல அடுக்குகளுக்கு வயது சொல்கிறோம். பையின் விளிம்பில் ஒரு சின்னப் புடைப்பு இருந்தால் அது சாக்குலிஃபரா, ஃபிஸ்டுலோசாவா? ஒருவர் புடைப்பையே ஏற்கிறார், இன்னொருவர் விரல் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறார். கோட்டை எங்கே போடுகிறோமோ அதைப் பொறுத்து, அந்த மறைவு, கடலடியில் துளைத்தெடுத்த மண் உருளையில் மேலேயோ கீழேயோ நகரும். பூலும் வேடும் 2019இல் இந்தக் கூட்டம் முழுவதையும் திரும்ப அலசியபோது வடிவச் சிற்றினங்களை விட்டுவிடவில்லை. இடைப்பட்ட வடிவங்களையும் தனியே காட்டினார்கள். பையைத் தனியாக எண்ணாத ஒருவரால் இந்த வேலையைத் தொடவே முடியாது.

பழைய கடல் வெப்பத்தை ஓட்டின் வேதியியலில் தேடுகிறவர்களுக்குப் பெயரில் அக்கறை கிடையாது, பையில் உண்டு. இனப்பெருக்கத்துக்குச் சற்று முன் ஓட்டின்மேல் கூடுதல் கால்சைட் (ஓட்டின் சுண்ணாம்புக் கனிமம்) படிகிறது. அது படிவது வழக்கமாக ஆழமான, குளிர்ந்த நீரில். பையும் கடைசியில்தான் வருகிறது. அதனால் ‘பை இல்லாத சாக்குலிஃபர்’ என்று ஆய்வுக்குறிப்பில் எழுதி, குறிப்பிட்ட சல்லடை அளவுக்குள் பொறுக்குகிறார்கள். பெயரில் ஒன்றாக்கினாலும் பொறுக்கும்போது பிரித்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

பேரின விவகாரத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. குஷ்மன் 1927இல் குளோபிஜெரினாய்டிஸ் என்ற பேரினத்தை வைத்தார். சுருள் பக்கத்தில் துணை வாய் இருந்தால் உள்ளே வரலாம். ரூபர் என்ற இன்னொரு சிற்றினமும் சாக்குலிஃபரும் அப்படி ஒரே வீட்டுக்குள் வந்தன. 2015இல் ஸ்பெட்ஸஃபெர்ரி குழு மரபணுவையும் படிவ வரிசையையும் சேர்த்துப் பார்த்து, துணை வாய் தனித்தனி வழிகளில் தோன்றியது, இரண்டுக்கும் மூதாதை வேறு என்று காட்டியது. சாக்குலிஃபர் கூட்டம் டிரைலோபேட்டஸ் என்ற புதுப் பேரினத்துக்குப் போனது. பழைய புத்தகத்தில் ‘ஜி. டிரைலோபஸ்’ (ஜி. என்றால் குளோபிஜெரினாய்டிஸ்) என்று இருந்தால் இதுவேதான், பயப்பட வேண்டாம். தட்டில் பிரிப்பதும் எளிது: ரூபரின் முதன்மை வாய் முந்தைய இரண்டு அறைகள் சேரும் கோட்டுக்கு நேர் மேலே, வளைவாக, இரண்டு பக்கமும் சமமாக நிற்கும். டிரைலோபஸின் கீறல் வாயோடு அதைக் குழப்பவே முடியாது.

ரூபர் பேச்சு வந்ததால் ஒன்று. அதில் இளஞ்சிவப்பு நிற ஓடு உண்டு. அட்லாண்டிக்கில் இன்றும் வாழ்கிறது. இந்திய, பசிபிக் கடல்களில் சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்டது. வங்காள விரிகுடா மண்ணில் அந்த நிறம் தெரிந்தால், கீழ் அடுக்கிலிருந்து அரித்து மேலே வந்து சேர்ந்த பழைய ஓடு இல்லை என்று உறுதியான பின், அந்த அடுக்குக்கு அதைவிட வயது அதிகம். வடிவத்தைத் தொடாமல் நிறத்தை மட்டும் வைத்து வயது சொல்வது இங்கே நடக்கிறது.

இன்றைய கடலடி மேல்மண்ணில், எந்த நீரில் எது எவ்வளவு என்ற கணக்குக்கு ஒரே பெயர் போதும். நாலாகப் பிரிப்பது வீண் வேலை. மயோசீன், பிளையோசீன் மண் என்றால் நாலு பத்தி போட்டு எண்ணுங்கள், கடைசி அறை உடைந்தவற்றுக்கு ஐந்தாவதாக ‘டிரைலோபேட்டஸ், சிற்றினம் தெரியவில்லை’ என்று ஒன்று. பின்னால் சேர்ப்பது ஒரு கூட்டல் கணக்கு. சேர்த்து எண்ணியதைப் பிரிக்க வேண்டுமென்றால் தட்டை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். நேரம் இல்லை, ஏதாவது ஒரு பிரிவை விட்டே ஆக வேண்டும் என்றால் டிரைலோபஸ்–இம்மாட்டுரஸ் கோட்டை விடுங்கள், அது எப்படியும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. பை உள்ளதையும் இல்லாததையும் மட்டும் ஒரே பத்தியில் போடாதீர்கள்.