வேலூர் வெயிலில் ஹைப்போகுளோரஸ் ஸ்பிரே: ஓராண்டுக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

முகத்துக்கு அடிக்கும் ஹைப்போகுளோரஸ் அமில ஸ்பிரேயைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: முகப்பருவுக்கு மருந்து தேடுகிறீர்கள் என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். வியர்வை, தூசு, ஹெல்மெட் மூன்றும் சேர்ந்து கொடுக்கும் தொல்லைக்கு என்றால் மேலே படியுங்கள். சென்ற கோடைக்கு முன்பு வாங்கத் தொடங்கியது. இந்தக் கோடையையும் அதை வைத்தே தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

வீடு காட்பாடிப் பக்கம், வேலை வேலூருக்குள். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்று நின்று ஸ்கூட்டரில் போய்ச் சேர்வதற்குள் ஹெல்மெட் வார் படும் தாடையோரம் வியர்வையில் ஊறிவிடும். அந்த வார் போகும் வழியிலேயே சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பும். நெற்றியில் பஞ்சு அழுத்தும் இடத்தில் இன்னொரு வரிசை. அக்னி நட்சத்திரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இது எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை.

பெயரில் அமிலம் இருப்பதால் அம்மா முதலில் என்னைத் தொடவிடவில்லை. உண்மையில் இது மிகவும் வலுக்குறைந்த அமிலம். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சித் தயாரிக்கிறார்கள். முகத்துக்கு விற்பதில் பெரும்பாலும் 0.01 முதல் 0.02 சதவீதம் வரைதான் இருக்கும், மீதி எல்லாம் தண்ணீரும் கொஞ்சம் உப்பும். 1834-இல் பலார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கண்டறிந்த பொருள் இது. ஆனால் நம் இரத்தத்து வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்ல இதே பொருளைக் காலங்காலமாகத் தாமே தயாரித்துவருகின்றன. அடித்தவுடன் மேல்நிலைத் தொட்டியைக் கழுவிக் குளோரின் போட்ட நாளில் குழாயில் வரும் தண்ணீர் போல ஒரு வாசனை வரும். முகம் காய்வதற்குள் போய்விடும். எரிச்சல் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை.

பலன் என்று பார்த்தால், ஹெல்மெட் வார் பருக்கள்தான் முதலில் அடங்கின. சில வாரங்களிலேயே புதிதாகக் கிளம்புவது குறைந்தது. கிளம்பியதும் சீழ் கோக்காமல் அமுங்கியது. புருவம் திருத்திய மறுநாள் வரும் சிவந்த பொரிகள் அநேகமாக நின்றுவிட்டன. அக்குளில் அடித்தால் மாலை வரை நாற்றம் சற்றுத் தள்ளிப்போகிறது. வேர்க்குருவுக்கு மட்டும் ஏமாற்றம். அது வியர்வை வெளியே வரும் வழி அடைபட்டு வருவது. கிருமியைக் கொல்லும் ஸ்பிரே அடைப்பைத் திறக்காது. அரிப்பு கொஞ்ச நேரம் தணிகிறது, அவ்வளவுதான். இரண்டு வேளைக் குளியலும் பருத்திச் சட்டையும் இதைவிட நன்றாக வேலை செய்தன. கரும்புள்ளி, பழைய பருத் தழும்பு, வெயில் கருமை எதையும் இது தொடவில்லை. தாடைக்குள் ஆழமாக வலிக்கும் கட்டிகளுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த இரவுக் களிம்பு இன்னமும் தொடர்கிறது. ஸ்பிரே வந்துவிட்டது என்று அதை நிறுத்த எனக்குத் துணிச்சல் இல்லை, நிறுத்தவும் கூடாது.

சென்ற ஆண்டு மே மாதத்தில் மட்டும் ஸ்பிரே செத்துப்போனது போல இருந்தது. பருக்கள் பழையபடி வந்தன. அணைக்கட்டுப் பக்கம் ஓர் ஊராட்சியில் தொட்டி ஆபரேட்டராக இருக்கும் சித்தப்பாவிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது, "குளோரின் சமாசாரம்தானே, கொண்டு வாம்மா, பார்த்துவிடலாம்" என்றார். குடிநீரில் குளோரின் இருக்கிறதா என்று தினமும் பார்க்கும் சிறு பெட்டி அவரிடம் உண்டு. கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து ஆர்த்தோடாலிடின் சொட்டுகளை விட்டால், குளோரின் இருப்பதற்கேற்ப மஞ்சள் நிறம் ஏறும். பீரோவில் இருந்த பாட்டில் ஒன்று, கணவரின் வண்டி டிக்கியில் கிடந்த பாட்டில் ஒன்று, இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன்.

கலப்பதற்குக் கிணற்றுத் தண்ணீரை மொண்டேன். சித்தப்பா தடுத்தார். "அதில் போட்டால் அந்தத் தண்ணீரில் இருக்கும் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும், கேன் தண்ணீர் எடு." கேன் தண்ணீரைத் தனியாகச் சோதித்து நிறம் வரவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் ஒரு லிட்டருக்கு ஒரு மூடி ஸ்பிரேயை ஊற்றினார். பீரோ பாட்டில் நல்ல எலுமிச்சை மஞ்சளாக ஏறியது. டிக்கி பாட்டிலுக்குத் துண்டைப் பின்னால் பிடித்து உற்றுப் பார்க்கவேண்டியிருந்தது. "குழாய்க் கடைசியில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது நிற்கவேண்டும் என்று எங்களை விரட்டுகிறார்கள். உன் பாட்டிலில் அதுகூடத் தேறாது" என்று சிரித்தார்.

இந்த ஸ்பிரேயில் இருக்கும் சிக்கலே இதுதான். சூடும் வெளிச்சமும் பட்டால் ஹைப்போகுளோரஸ் அமிலம் சிதைந்து, கடைசியில் வெறும் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். நிறம் மாறாது, நுரைக்காது, கெட்ட வாடை வராது. மாறாக, இருந்த வாசனையும் போய்விடும். வாங்கியபோது அடித்தவுடன் வந்த அந்தத் தொட்டி வாசனை இல்லையென்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. வெயிலூரில்தான் இது அதிகம் தேவை, வெயிலூரில்தான் இது சீக்கிரம் வீணாகிறது. ஒருமுறை இணையத்தில் வாங்கியது ஒளி ஊடுருவும் பாட்டிலில் வந்தது. தயாரித்த தேதியைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது, வண்டியிலும் கிடங்கிலும் எத்தனை நாள் வெந்ததோ தெரியவில்லை. விற்பனையாளர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு வெளிச்சம் புகாத பாட்டில், பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 4-க்கும் 6-க்கும் இடையில் என்ற குறிப்பு, அண்மைத் தேதி, மூன்றும் இருந்தால்தான் வாங்குகிறேன். பிஎச் 7.5-ஐத் தாண்டினால் பெரும்பகுதி ஹைப்போகுளோரைட்டாக மாறிவிடும். கிருமி கொல்லும் வேகம் அதற்கு மிகக் குறைவு. பெரிய பாட்டிலில் விலை லாபம் தெரிந்தாலும் கோடையில் சிறியதே போதும்.

சித்தப்பா சொன்ன கிணற்றுத் தண்ணீர்க் கணக்கு முகத்துக்கும் பொருந்தும். வியர்வை, எண்ணெய், சன்ஸ்கிரீன், ரோட்டுத் தூசு எல்லாம் அப்பியிருக்கும்போது மேலே அடித்தால், பாதியை அந்த அழுக்கே தின்றுவிடும். அலுவலகம் போனதும் வெறும் தண்ணீரில் முகத்தைக் கழுவி, ஒற்றி எடுத்து, தோல் நன்றாக நனையும்படி அடித்து, துடைக்காமல் தானாகக் காயவிடுகிறேன். அதன் பிறகே மற்றவை. வைட்டமின் சி சீரம் பூசுபவர்கள் அதை வேறு வேளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இது ஆக்சிஜனேற்றம் செய்யும் பொருள், அந்த வைட்டமினைக் கெடுத்துவிடும். மார்கழியில் போர்வெல் தண்ணீரின் கடினத்தோடு இதையும் இரு வேளை அடித்தபோது கன்னம் இழுத்துப்பிடித்தது. ஒரு வேளையாகக் குறைத்து, மாய்ஸ்சரைசரைக் கூட்டியதும் சரியானது.

பிளீச்சிங் பவுடரைக் கரைத்து வினிகர் சேர்த்து வீட்டிலேயே தயாரிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். பிளீச்சுடன் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலைத் தாக்கும் நஞ்சு. கழிவறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சையும் ஒன்றாக ஊற்றக் கூடாது என்பதும் இதனால்தான். அளவும் பிஎச்சும் தெரியாத திரவத்தை முகத்தில் அடிக்கும் அளவுக்கு எந்தப் பருவும் பெரிய விஷயமில்லை.

ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்த்து, காரில் போய்வரும் தோழி ஒருத்திக்கு வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. தெரியாததில் எனக்கு வியப்பும் இல்லை. கணவருக்கு மட்டும் ஷேவிங் செய்த கழுத்தில் வரும் பொரிகள் குறைந்திருக்கின்றன. தமக்கென்று ஒன்று வாங்க மாட்டாராம். என்னுடையதை எடுத்து அடித்துக்கொண்டு, மூடியைப் போடாமல் ஜன்னல் வெயிலில் வைத்துவிட்டுப் போகிறார்.