இசை வகுப்பு: கோடாய் வழியா, ஓர்ஃப் வழியா, பிள்ளைகளின் சொந்தத் தேர்வா?

நாற்பது பிள்ளைகள், வாரத்துக்கு ஒரு பீரியட். இதற்குள் இசையைச் சொல்லிக் கொடுக்கவும் வேண்டும், அடுத்த வகுப்புக்கு ஆசையோடு வர வைக்கவும் வேண்டும். இதற்குப் பேர்போன மூன்று வழிகளை ஒரே கேள்வியை வைத்து எடைபோடலாம்: தனக்குப் பாட வராது என்று கடைசி பெஞ்சில் ஒதுங்கியிருக்கும் பிள்ளை, முதல் வகுப்பு முடிவதற்குள் இசையில் சேர்ந்துவிட்டதா?

ஹங்கேரிய இசையமைப்பாளர் சோல்தான் கோடாயின் (1882–1967) வழியில் குரல்தான் கருவி. செலவே இல்லை. ப, க என்று இறங்கும் இரண்டு ஸ்வரங்களில் சின்னப் பாட்டு, அப்புறம் த சேரும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கை அடையாளம் உண்டு. ஸ என்றால் மூடிய முஷ்டி. ஆசிரியர் வாயே திறக்காமல் கையைக் காட்ட, வகுப்பு பாடும். கையை மறைத்தால் பாட்டு மனதுக்குள் ஓட வேண்டும். மறுபடி காட்டியதும் எல்லோரும் சரியான இடத்தில் வந்து சேர வேண்டும். காதைத் தீட்ட இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. ஆனால் குரல் உடையும் வயதுப் பையன்கள் கூச்சத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஜெர்மானியர் கார்ல் ஓர்ஃபின் (1895–1982) வழியில் அந்தக் கூச்சத்துக்கே இடமில்லை. கைதட்டல், தொடைத்தட்டல், காலடி, பிறகு குச்சியால் கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலஃபோன். அதன் கட்டைகளைக் கழற்றி மாட்டலாம் என்பதில்தான் சூட்சுமம். ம, நி இரண்டையும் எடுத்துவிட்டால் ஸ ரி க ப த மிஞ்சும், மோகன ராகத்தின் ஸ்வரங்கள். மிக நெருங்கி ஒட்டிய இரண்டு ஸ்வரங்கள், அதாவது அரை ஸ்வர இடைவெளி, எங்குமே இல்லாததால் யார் எதைத் தட்டினாலும் காதை உறுத்தாது. ஒரு பிள்ளை ஸ, ப இரண்டையும் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தாலே போதும், மற்றவர்கள் அதன்மேல் மெட்டுக் கட்டலாம். நான் கேட்ட கேள்விக்கு இதுதான் நேரடியான பதில். குறை என்னவென்றால், ஆசிரியர் கவனிக்காவிட்டால், தட்டியது எந்த ஸ்வரம் என்றே தெரியாமல் ஒரு வருடம் ஓடிவிடும்.

மூன்றாவது, பிரிட்டிஷ் ஆய்வாளர் லூசி கிரீன் முன்வைத்த வழி. பாப் கலைஞர்கள் எப்படிக் கற்றார்கள் என்று ஆராய்ந்து அதைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். பிடித்த பாட்டை, பிடித்த நண்பர்களோடு, பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாசிப்பது. ஆசிரியர் முதலில் ஒதுங்கி நின்று கவனித்து, கேட்டால் மட்டும் உதவ வேண்டும். பதின்ம வயதினருக்கு இது சரியாகப் பொருந்தும். சின்னப் பிள்ளைகளிடம் எடுபடாது; தனித்தனி இடம் இல்லாத பள்ளியிலும் கஷ்டம்.

ஸ்டார் ஒட்டி, பரிசு கொடுத்து ஆர்வமூட்டுவதை இவற்றோடு சேர்க்க எனக்கு மனமில்லை. 1973இல் மார்க் லெப்பரும் கூட்டாளிகளும் செய்த சோதனையில், படம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பிறகு தாமாக வரைவதில் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே செலவிட்டார்கள்.

என் தேர்வு: பத்து வயது வரை ஓர்ஃப், ஒவ்வொரு வகுப்பிலும் முதல் ஐந்து நிமிடம் கோடாயின் கை அடையாளங்கள். ஸ்வரம் எழுதுவது, காதில் பதிந்த பிறகு. பன்னிரண்டு வயதுக்கு மேல் கிரீனின் வழி. குழுவுக்கு ஐந்து பேர் போதும், அதற்கு மேல் போனால் யாராவது ஒருவர் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுவார்.