கீச்சிடும் பிரேக்: துடைப்பதா, மாற்றுவதா, எந்த பேட் போடுவது?

விடியற்காலையில் தோட்டத்தை விட்டுக் கிளம்பும்போது முதல் இரண்டு மூன்று மிதிக்கு மட்டும் பிரேக் கீச்சிட்டு, தாப்பா டவுன் வருவதற்குள் அடங்கிவிட்டால் கவலை வேண்டாம். இரவு ஈரத்தில், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தகட்டில் படிந்த மெல்லிய துரு அது. நாள் முழுக்கக் கத்தினால்தான் செலவைப் பற்றிப் பேச வேண்டும்.

கழற்றித் துடைப்பதா, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட்டையே மாற்றுவதா? முதலில் துடையுங்கள் என்பேன். போன மாதம் என் மைவி காரின் முன்சக்கரத்தைக் கழற்றினால், பேட் பாதிக் கனம் அப்படியே இருக்கிறது. ஆனால் செம்பனைக் காட்டுச் செம்மண் அப்பி, பேட்டை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான கம்பி (பின்) கையால் அசைக்க முடியாமல் இறுகிக் கிடந்தது. அதைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சூடு தாங்கும் கிரீஸைப் பூசி, பேட்டின் முதுகிலும் லேசாகத் தடவிப் பூட்டினேன். சத்தம் போயே போச்சு. பேட் உரசும் முகத்திலோ டிஸ்க்கிலோ மட்டும் ஒரு துளி கிரீஸ்கூடப் படக்கூடாது, பிரேக் பிடிக்காது. சத்தம் அடங்கட்டும் என்று அங்கே எண்ணெய் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

பேட் 3 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்திருந்தால் துடைத்துப் பயனில்லை. பல பேட்களில் ஒரு தகட்டு நாக்கு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும், எச்சரிக்கைக்காகவே வைத்தது. கீச்சொலி கரகரவென்று மாறினால் இரும்போடு இரும்பு உரசுகிறது. அன்றைக்கே இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

சரி, எந்த பேட்? செராமிக்கில் சத்தமும் கரித்தூளும் குறைவு, விலை கூட. செமி மெட்டாலிக் சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் கீச்சிடும், டிஸ்க்கையும் தின்னும். ஆர்கானிக் மலிவு, மென்மை. சூடேறினால் பிடி தளரும். கேமரன் மலையின் தானா ராத்தாவிலிருந்து அடிவாரத்துத் தாப்பாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர், வளைந்து வளைந்து இறக்கம். காய்கறி ஏற்றிக்கொண்டு அதில் இறங்குபவர் செமி மெட்டாலிக் போட்டுக்கொண்டு சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளட்டும்; கியரையும் குறைத்தே இறங்கட்டும். பள்ளிக்கூடம், கோயில், பசார் மாலாம் (இரவுச் சந்தை) என்று ஓடும் காருக்குச் செராமிக் போதும். ஆர்கானிக்கை மலைப்பாதைக்கு நான் சொல்லமாட்டேன்.

டிஸ்க்கில் வரி விழுந்திருந்தால் கடைசல் பிடிக்கலாம். அதன் மேலேயே குறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போகும் என்றால் புதுசுதான்.

புது பேட் பூட்டியதும், பின்னால் வண்டி வராத சாலையாகப் பார்த்து, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மெல்லக் குறைத்துப் பத்துத் தடவை மிதியுங்கள். முழுசாக நிறுத்தாமல், இடையில் சூடு ஆறவிட்டு. பேட் டிஸ்க்கோடு படிவது அப்போதுதான்.