நரம்பு பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கை கால் பலவீனம், மரத்துப்போவது, கண் இமை இறங்குவது என்று காரணம் தெரியாமல் அலைகிறவர்கள் யாராவது 'நரம்பு முழுப் பரிசோதனை' விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். என் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இடத்தின் பெயரைப் போடப் போவதில்லை.

அக்காவுக்குச் சாயங்காலம் ஆனால் ஒரு கண் இமை இறங்கும். தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியில் கை தொய்ந்துவிடும், மென்றுகொண்டிருக்கும்போதே தாடை ஓய்ந்துபோகும், அதிக நேரம் பேசினால் குரல் மூக்கால் வரும். ராத்திரி தூங்கி எழுந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருப்பாள். இந்தக் கடைசி விஷயம்தான் பெரிய துப்பு. அதை அவள் வாய்விட்டுச் சொன்னாள், அங்கே யாரும் குறித்துக்கொள்ளவே இல்லை. டாக்டர் என்று உட்கார்ந்திருந்தவர் தன் விரல்களை ஒருமுறை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், அவ்வளவுதான், முட்டியில் சுத்தியலால் தட்டக்கூட இல்லை. நேரே பேக்கேஜ்.

எம்ஆர்ஐயில் கழுத்தில் ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருந்தது. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு எடுத்தாலும் பலருக்கு இப்படி இருக்கும், வயது ஏற ஏற இன்னும் சகஜம். கழுத்து டிஸ்க்குக்குக் கண் இமை ஏன் இறங்குகிறது என்று கேட்டேன். "எல்லா நரம்பும் ஒன்றோடொன்று தொடர்புதானே சார்" என்றார்கள்! அதைச் சொல்லியே கரண்ட் வைக்கும் சிகிச்சைக்கு முன்பணம் வாங்கிவிட்டார்கள்.

ரிப்போர்ட்டை வீட்டில் நிதானமாகப் படித்தபோதுதான் உண்மையிலேயே வயிறு எரிந்தது. நரம்பில் லேசாகக் கரண்ட் கொடுத்து அது எப்படிக் கடத்துகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனையை அக்காவுக்குக் கையில் மட்டும்தான் செய்தார்கள், அதுவும் அவள் நன்றாக இருக்கும் காலை நேரத்தில். காலில் ஒரு ஒயர் கூட ஒட்டவில்லை. ரிப்போர்ட்டில் இரண்டு கால் நரம்புகளுக்கும் எண்களோடு 'நார்மல்' என்று இருக்கிறது. போன் செய்து கேட்டால் சாஃப்ட்வேர் தானாகப் போட்டிருக்கும் என்கிறார்கள். அலை வரைபடத்தைக் கொடுங்கள் என்றால் அதை நோயாளிக்குத் தருவதில்லையாம். அப்புறம் எல்லாம் நார்மல், மனசுதான் காரணம், கவுன்சலிங் எடுங்கள் என்றார்கள். அதற்குத் தனிக் கட்டணம்.

அந்தச் சோதனையை ஒழுங்காகவே செய்திருந்தாலும் அக்காவின் நோய் அதில் தெரிந்திருக்காது. அவளுக்கு இருப்பது மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பும் தசையும் நன்றாகத்தான் இருக்கின்றன, நரம்பின் கட்டளை தசைக்குக் கைமாறும் இடத்தில் உடம்பின் சொந்த எதிர்ப்புப் பொருள்களே அந்தக் கட்டளையை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை அடைத்துக் கெடுக்கின்றன. இதைப் பிடிக்க ஒரே நரம்பை நொடிக்கு 2 அல்லது 3 தடவை வீதம் தொடர்ந்து தூண்டி, தசையின் பதில் 10 சதவீதத்துக்கு மேல் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தத்தில் அந்த எதிர்ப்புப் பொருள் (அசிட்டைல்கோலின் ஏற்பி ஆன்டிபாடி) இருக்கிறதா என்று பார்க்கலாம், உடம்பு முழுக்கப் பரவிய நோயில் சுமார் 85 சதவீதம் பேருக்கு அது பாசிட்டிவ். அந்த நீளமான பேக்கேஜ் பட்டியலில் இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லை. பாதம் எரிகிறது, ஊசி குத்துகிறது என்கிறவர்களும் கவனியுங்கள், வழக்கமான கடத்தல் சோதனை தடித்த நரம்பிழைகளை மட்டுமே அளக்கும், மெல்லிய இழைகள் கெட்டிருந்தாலும் நார்மல் என்றுதான் வரும்.

கடைசியில் கண்டுபிடித்தது ஒரு பொது மருத்துவமனை நியூராலஜிஸ்ட். சாயங்காலம் வரச் சொன்னார், மேலேயே பார்த்துக்கொண்டிருங்கள் என்றார், கொஞ்ச நேரத்தில் இமை தானாக இறங்கியது. மூடிய கண்மேல் 2 நிமிடம் ஐஸ் வைத்தார், இமை ஏறிவிட்டது. பெரிய மெஷின் எதுவும் இல்லை. அப்புறம்தான் ரத்தப் பரிசோதனை, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று நெஞ்சு சிடி ஸ்கேன். இப்போது பைரிடோஸ்டிக்மின் என்ற மாத்திரையால் நன்றாகச் சாப்பிடுகிறாள், பேசுகிறாள்.

பேக்கேஜ் போட்ட இடத்தில் கொடுத்த 'நரம்புச் சத்து' மாத்திரையை இந்த நியூராலஜிஸ்ட் முதல் நாளே நிறுத்தினார். அதில் வைட்டமின் பி6 அளவு மிக அதிகம், மாதக்கணக்கில் அப்படி எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுத்து மரத்துப்போக வைக்கும். இன்னொன்று, நடுவில் இருமலுக்கு அந்தப் பேக்கேஜ் இடத்திலேயே லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதிக் கொடுத்தார்கள், அதற்கப்புறம் தண்ணீர் விழுங்கவே திணறினாள். அந்த வகை ஆன்டிபயாடிக்குகள் மயஸ்தீனியாவை மோசமாக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011-லேயே கட்டம் போட்டு எச்சரித்திருக்கிறது.

முன்பணம் இன்னும் வரவில்லை, எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்கள் எங்கே போனாலும் எந்த நரம்பைச் சோதித்தார்கள் என்று அங்கேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஸ்கேன் படங்களையும் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். இமை இறங்குவதையும் குரல் மாறுவதையும் நடக்கும்போதே போனில் வீடியோ எடுங்கள், காலையில் டாக்டர் முன்னால் உட்காரும்போது அது இருக்காது. விழுங்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது, பலவீனம் காலிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகிறது என்றால் எந்த அப்பாயின்ட்மென்ட்டுக்கும் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.