சனிக்கிழமை மூன்று மணி யாருக்கு? இங்கிலாந்து, ஜெர்மனி, ஸ்பெயின் கால்பந்து அட்டவணைகள்

குளிர்காலத்தில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் சனிக்கிழமை முதல் மேட்ச் நமக்கு மாலை 6 மணிக்குத் தொடங்கும். டீயும் வடையுமாக உட்கார்ந்து பார்க்க இதைவிடத் தோதான நேரம் கிடையாது, நானும் வருஷக்கணக்காக அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நமக்கு 6 மணி என்றால் அங்கே மதியம் 12:30. நியூகாசில் அணி போர்ன்மவுத்துக்குப் போய் ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊருக்கும் நடுவே சாலை வழியில் 550 கிலோமீட்டருக்கு மேல். அந்த மேட்சைப் பார்க்க நியூகாசில் ரசிகர் அதிகாலை நாலு மணிக்கெல்லாம் பஸ் ஏறியிருக்க வேண்டும். மைதானத்தின் ஒரு மூலையில் பாடிக்கொண்டே நிற்பதாக டீவியில் தெரிகிறதே ஒரு கூட்டம், அது ராத்திரி சரியாகத் தூங்காத கூட்டம்.

மேட்ச் எப்போது நடக்க வேண்டும் என்பதில் டீவிக்காரர்கள் கை வைக்காத பெரிய லீக் இன்று கிடையாது. எவ்வளவு கை வைக்க விடுகிறார்கள் என்பதில்தான் இங்கிலாந்தும் ஜெர்மனியும் ஸ்பெயினும் வேறுபடுகின்றன.

இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் மூன்று மணிதான் காலங்காலமாக மேட்ச் நேரம், அதைச் சுற்றி ஒரு பழைய விதி இருக்கிறது. சனிக்கிழமை மதியம் 2:45 முதல் மாலை 5:15 வரை எந்தக் கால்பந்து மேட்சையும் அந்த நாட்டு டீவியில் நேரலையாகக் காட்டக் கூடாது. 1960களில் பர்ன்லி கிளப்பின் தலைவராக இருந்த பாப் லார்ட் வாதாடி வாங்கிய தடை இது. பெரிய அணிகளின் ஆட்டம் வீட்டிலேயே கிடைத்தால் சின்ன ஊர் கிளப்பின் மேட்சுக்கு யார் காசு கொடுத்துப் போவார்கள் என்பது அவருடைய கவலை. நியாயமான கவலைதான், இன்றும் மூன்றாம் நான்காம் டிவிஷன் கிளப்கள் இந்த விதியை விட்டுவிடத் தயாராக இல்லை. விசித்திரம் என்னவென்றால், லண்டனில் இருப்பவர் பார்க்க முடியாத மூன்று மணி மேட்சை சென்னையில் இருக்கும் நான் இரவு 8:30க்கு சோபாவில் சாய்ந்துகொண்டு பார்க்கலாம்.

சரி, இந்தத் தடையால் ரசிகருக்கு என்ன ஆகிறது? இங்கேதான் முடிச்சு. மூன்று மணிக்குக் காட்ட முடியாது என்றால், காட்ட விரும்புகிற ஒவ்வொரு மேட்சையும் மூன்று மணியிலிருந்து தூக்கி வேறு எங்காவது வைக்க வேண்டும். 2025-26 சீசனில் தொடங்கிய பிரீமியர் லீக்கின் நான்கு ஆண்டு டீவி ஒப்பந்தத்தின் மதிப்பு 670 கோடி பவுண்டு, அதன்படி உள்நாட்டில் சீசனுக்குக் குறைந்தது 267 மேட்ச் நேரலை. மொத்தமே 380தான். ஆக, ஒரு சுற்றின் பத்து மேட்சில் பழைய நேரத்திலேயே தங்குவது சராசரியாக மூன்று. மைதானத்துக்குப் போகிறவரைக் காப்பாற்றப் போட்ட விதியே, டீவிப் பணம் வளர வளர, அவரை வெள்ளி இரவுக்கும் திங்கள் இரவுக்கும் விரட்டுகிறது. பாப் லார்ட் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஜெர்மனியில் இப்படி ஒரு தடை கிடையாது. கேட்டால் ரசிகருக்குப் பாதகமாகத் தோன்றும், நடப்பது நேர்மாறு. சனிக்கிழமை மதியம் 3:30க்கு ஐந்து மேட்ச் ஒரே நேரத்தில் நடக்கும், ஐந்தையும் டீவி காட்டும். கூடவே கான்ஃபரன்ஸ் என்று ஒரு ஒளிபரப்பு. ஒரு மைதானத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், எங்கேயோ கோல் விழுந்ததும் வர்ணனையாளர் கத்துவார், கேமரா அங்கே பறக்கும். வானொலிக் காலத்திலிருந்தே அவர்களுக்கு இது ஒரு வாரச் சடங்கு. வெள்ளி இரவு ஒன்று, சனி மாலை 6:30க்கு ஒரு பெரிய மேட்ச், ஞாயிறில் இரண்டோ மூன்றோ, அவ்வளவுதான் வாரம். எது வெள்ளி எது ஞாயிறு என்பது அங்கேயும் சில வாரங்களுக்கு முன்புதான் உறுதியாகும், அதில் ஜெர்மன் ரசிகர்களுக்கும் முணுமுணுப்பு உண்டு. ஆனாலும் ஞாயிறு ராத்திரியோடு கதை முடிந்துவிடும் என்பது நிச்சயம்.

அந்த நிச்சயம் சும்மா வரவில்லை. 2017-18 சீசனில் ஜெர்மனியின் முதல் டிவிஷன் லீக்கான புண்டஸ்லிகா வருடத்துக்கு ஐந்தே ஐந்து மேட்சைத் திங்கட்கிழமைக்கு மாற்றியது. சொன்ன காரணமும் மோசமில்லை. வியாழக்கிழமை யூரோப்பா லீக் என்ற ஐரோப்பிய கிளப் போட்டியில் ஆடிவிட்டு வரும் அணிகளுக்கு ஓய்வு வேண்டும் என்றார்கள். ரசிகர்கள் ஏற்கவில்லை. 2018 பிப்ரவரியில் லைப்சிக்குக்கு எதிரான மேட்சில் ஃப்ராங்ஃபர்ட் ரசிகர்கள் கூட்டமாக இறங்கி மைதான ஓரத்துக்கே வந்து நின்றார்கள், டென்னிஸ் பந்துகளை எறிந்தார்கள், ஆட்டம் தாமதமானது. அடுத்த வாரம் டோர்ட்முண்டில் அவுக்ஸ்பர்க்குடன் மேட்ச். எண்பதாயிரம் பேர் கொள்ளும், எப்போதும் நிரம்பி வழியும் மைதானத்துக்கு அன்றைக்கு வந்தது 54,300 பேர். சீசன் டிக்கெட்டுக்கு முன்பே பணம் கட்டியவர்கள் வேண்டுமென்றே வராமல் இருந்தார்கள், அந்தப் புகழ்பெற்ற தெற்கு ஸ்டாண்டில் கான்கிரீட் தெரிந்தது. ஏப்ரலில் மைன்ஸ் ஊரில் ஃப்ரைபர்க்குடன் நடந்த மேட்ச் இன்னும் கூத்து. இடைவேளை விசில் ஊதி ஃப்ரைபர்க் ஆட்கள் டிரஸ்ஸிங் ரூமுக்கே போய்விட்டார்கள், வீடியோ நடுவர் சொன்னதன்பேரில் அவர்களைத் திரும்பக் கூப்பிட்டுவந்து பெனால்டி அடித்தார்கள். அப்புறம் இரண்டாம் பாதியைத் தொடங்கப் போனால், திங்கட்கிழமையை எதிர்த்து ரசிகர்கள் வீசிய டாய்லெட் பேப்பர் சுருள்கள் புல்வெளி எல்லாம் கிடக்கின்றன, பொறுக்கி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே 2018 நவம்பரில், அடுத்த ஒளிபரப்பு ஒப்பந்தத்தில் திங்கட்கிழமை மேட்ச் இருக்காது என்று லீக் அறிவித்துவிட்டது.

இங்கிலாந்து ரசிகர்களுக்குக் கோபம் குறைவு என்று சொல்ல மாட்டேன். 2023 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், வுல்வ்ஸ் செல்சி மேட்சை வைத்தார்கள். 1995க்குப் பிறகு அந்தத் தேதியில் பிரீமியர் லீக் ஆட்டமே நடந்ததில்லை. ரசிகர் அமைப்புகள் கடிதம் எழுதின, கண்டித்தன, மேட்ச் நடந்தது. ஜெர்மனியில் 50+1 என்ற விதிப்படி பெரும்பாலான கிளப்களில் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்கிறது, அதாவது கத்துகிற ரசிகர் ஓட்டும் வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் அவர் வாடிக்கையாளர் மட்டும்தான். போராடி அவர்கள் வாங்கியதில் உருப்படியானது ஒன்று உண்டு: 2016-17 முதல் வெளியூர் ரசிகருக்கான டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டக் கூடாது. நல்லதுதான், ஆனால் மலிவான ரயில் டிக்கெட்டை முன்பே எடுத்து வைத்தவருக்கு, மேட்ச் திங்கள் இரவுக்கு மாறினால், அந்தச் சலுகையை விடப் பெரிய தொகை ரயிலிலும் ஓட்டலிலும் போய்விடும். தேதி மாற்றத்தை ஏறக்குறைய ஆறு வாரம் முன்னதாகச் சொல்வோம் என்பது லீக் கொடுத்த வாக்கு, அது பல தடவை தவறியிருக்கிறது.

கிளப்கள் ஏன் வாய் திறப்பதில்லை? உள்நாட்டு டீவிப் பணத்தில் பாதி எல்லாருக்கும் சமம், கால்வாசி எந்த இடத்தில் முடித்தார்கள் என்பதைப் பொறுத்து, மீதிக் கால்வாசி எத்தனை தடவை நேரலையில் வந்தார்கள் என்பதைப் பொறுத்து. மேட்ச் மாற்றப்பட்டால் காசு. ரசிகரின் நஷ்டமும் கிளப்பின் லாபமும் ஒரே அறிவிப்பில் வரும்.

ஸ்பெயின் இந்த இரண்டிலும் சேராது. அங்கே கணக்கு எளிது: பத்து மேட்ச், பத்து வெவ்வேறு நேரம், ஒன்றோடொன்று முட்டக் கூடாது. வெள்ளியிலிருந்து திங்கள் வரை எப்போது டீவி போட்டாலும் ஏதோ ஒரு லா லிகா மேட்ச் ஓடும். பார்வையாளருக்கு, அதுவும் தூரத்தில் இருக்கிற பார்வையாளருக்கு, இதைவிட வசதி இல்லை. 2017 டிசம்பர் 23 அன்று ரியல் மாட்ரிட் பார்சிலோனா மேட்சையே மதியம் ஒரு மணிக்கு வைத்தார்கள். யாருக்காக? நமக்கு அது மாலை 5:30, சீனாவில் இரவு 8 மணி. பார்சிலோனா 3-0 என்று ஜெயித்தது, நானும் சுகமாகப் பார்த்தேன். அந்தப் பக்கம், திங்கட்கிழமை மேட்சை எதிர்த்து அலாவெஸ் ரசிகர்கள் 2019இல் சவப்பெட்டி தூக்கிக் கால்பந்துக்கே இறுதி ஊர்வலம் நடத்தினார்கள். ஆகஸ்ட் வெயிலில் மேட்சை இரவு தாமதமாக வைப்பதற்கு உண்மையான காரணம் இருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைத் திங்கள் இரவு 9 மணி மேட்சுக்கு எந்த அப்பா கூட்டிப்போவார்?

இனி அணிகள் பக்கம். 2020 நவம்பரில் லிவர்பூல் புதன் இரவு அட்டலாண்டாவுடன் ஆடியது, சனி 12:30க்கு பிரைட்டனில் ஆடியது, நடுவில் அறுபத்திரண்டு மணி நேரச் சொச்சம். ஜேம்ஸ் மில்னர் தொடைத் தசை பிடித்து வெளியேறினார், மேட்ச் முடிந்ததும் அப்போதைய லிவர்பூல் பயிற்சியாளர் க்ளோப் நேரலையிலேயே டீவி நிருபரிடம் வெடித்தார். நிருபர் சளைக்கவில்லை, இந்த நேரத்தை விற்றதே கிளப்கள்தானே என்கிற மாதிரி திருப்பிக் கேட்டார். அதில் தவறில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. 2025 மார்ச்சில் ரியல் மாட்ரிட், அட்லெட்டிகோவோடு புதன் இரவு பெனால்டி ஷூட் அவுட் வரை இழுத்துவிட்டு, சனி மாலை வியரியாலில் இறங்கியது. 72 மணி நேர ஓய்வு இல்லாமல் இனி ஆட மாட்டோம் என்று அப்போது அந்த அணியின் பயிற்சியாளராக இருந்த அன்செலோட்டி சொல்லிவிட்டார்.

ஜெர்மன் அணிகளும்தான் புதன் ஆடிவிட்டுச் சனி ஆடுகின்றன, ஆகவே இந்த விஷயத்தில் அவர்களின் அட்டவணை அதிசயம் எதுவும் செய்வதில்லை. அவர்களுக்கு உதவுவது வேறு: 18 அணி, 34 மேட்ச், குளிர்கால இடைவேளை, இங்கிலாந்தில் கூடுதலாக நடக்கிற லீக் கப் போல ஒன்று கிடையாது. ஓய்வைப் பொறுத்தவரை 12:30ஆ 3:30ஆ என்பதை விட மொத்தம் எத்தனை மேட்ச் என்பதுதான் பெரிது, க்ளோப்பின் கோபம் கொஞ்சம் சின்ன எதிரி மேல் பாய்ந்துவிட்டது.

நேரத்தைப் பிரித்து வைப்பதில் இன்னொரு சிக்கல், எதிராளியின் முடிவு தெரிந்துகொண்டு ஆடுவது. 1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா தன் குரூப்பின் கடைசி மேட்சை முதல் நாளே முடித்துவிட்டது. மறுநாள் ஸ்பெயினின் கிகோன் நகரில், மேற்கு ஜெர்மனி 1-0 என்று ஜெயித்தால் அல்ஜீரியாவைத் தள்ளிவிட்டு இரண்டு பேருமே மேலே போகலாம் என்று தெரிந்த மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், பத்தாவது நிமிடத்தில் ஜெர்மன் கோல் விழுந்த பிறகு பந்தை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தன. 1986 முதல் குரூப்பின் கடைசி மேட்சுகள் ஒரே நேரத்தில்தான். லீக்குகளும் கடைசி நாளில் அப்படியே செய்கின்றன, அதனால்தான் 2012 மே 13 கிடைத்தது. சண்டர்லேண்டில் ஜெயித்து முடித்த மான்செஸ்டர் யுனைடெட் ஆட்கள் பட்டத்துக்காகக் காத்துக்கொண்டு நிற்க, மான்செஸ்டரில் சிட்டியின் அகுவேரோ கடைசி நேரத்தில் கோல் அடித்துப் பட்டத்தைத் தட்டிச் சென்றார். ஒன்றை மதியமும் ஒன்றை இரவும் வைத்திருந்தால் அந்த நிமிடமே இல்லை. வருடம் முழுக்க மேட்சுகளைப் பிரித்து விற்கிற டீவி, கடைசி நாளில் மட்டும் சேர்த்து வைத்துக் கொண்டாடுகிறது!

எனக்கு ஜெர்மன் ஏற்பாடுதான் பிடிக்கிறது. பணம் குறைவு என்பது உண்மை, அங்கே இப்போதைய ஒப்பந்தம் சீசனுக்கு 112 கோடி யூரோ, இங்கிலாந்தின் உள்நாட்டுத் தொகை வருடத்துக்கு சுமார் 167 கோடி பவுண்டு. அந்த வித்தியாசத்துக்கு வீரர்களை வாங்கலாம், டோர்ட்முண்டின் தெற்கு ஸ்டாண்டை வாங்க முடியாது. மாட்ரிட் பார்சிலோனா மேட்சையும் அவர்கள் ஊர் இரவிலேயே வைத்துக்கொள்ளட்டும். நமக்கு அது நள்ளிரவு ஒன்றரை மணி. நான் அலாரம் வைத்துக்கொள்கிறேன்.